வாளை உறையில் போட்டால்தான் ஜெயிக்க முடியும்! 80-களின் வாள்சண்டை கேம்கள் ஏன் இன்னும் அலுக்கவில்லை?

கடிகாரத்தில் இன்னும் சில நிமிடங்களே பாக்கி. நிலவறையில் தொடங்கி, முள் பொறிகளையும் காவலர்களையும் தாண்டி, அரண்மனைக் கோபுரம் வரை வந்தாயிற்று. அங்கே வழியை மறித்து நிற்கிறது ஓர் உருவம். உங்கள் உயரம், உங்கள் நடை, உங்கள் கையில் இருக்கும் அதே வாள். ஓங்கி ஒரு குத்து. அடி அதற்கு விழுகிறது; ஆனால் உங்கள் உயிரும் ஒன்று குறைகிறது. இன்னொரு குத்து, இன்னொரு உயிர் போச்சு. விட்டால் இருவருமே காலி.

இது 1989-ல் வெளியான ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கேமின் 12-வது லெவல். முதல்முறை விளையாடுபவர் பெரும்பாலும் இங்கே திகைத்துத்தான் நிற்பார். விடை என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன், அந்தக் காலத்து வாள்சண்டை கேம்கள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபட்டன என்று தெரிந்துகொண்டால், அந்த விடை ஏன் இத்தனை அழகு என்பதும் புரியும்.

ஒரே பட்டன், நான்கு வாள்

பக்கவாட்டில் ஓட வேண்டும், தளத்துக்குத் தளம் தாவ வேண்டும், எதிரே வருபவரை வாளால் வெட்ட வேண்டும். இதுதான் இந்த வகை கேம்களின் அடிப்படை. இதில் பேர் சொல்லும் நான்கு கேம்கள் மூன்றே ஆண்டுகளுக்குள் வந்தவை: நின்டெண்டோவின் ‘ஸெல்டா 2’ (1987), டெக்மோவின் ‘நிஞ்ஜா கெய்டன்’ (1988), கேப்காமின் ‘ஸ்ட்ரைடர்’ (1989), ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ (1989).

மேலோட்டமாகப் பார்த்தால் நாலும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் மாதிரி தெரியும். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் வித்தியாசம் பிடிபட்டுவிடும். பட்டனை அழுத்தும் நொடிக்கும், வாள் எதிரியைத் தொடும் நொடிக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

நிஞ்ஜா கெய்டன்: அழுத்தினால் வெட்டு

ரியூ ஹயபுசா என்ற நிஞ்ஜாதான் இதன் நாயகன். பட்டனை அழுத்திய மாத்திரத்தில் வாள் பாய்ந்துவிடும். யோசிக்க இடைவெளியே கிடையாது. சுவரில் தொற்றிக்கொள்ளலாம், எதிர்ச் சுவருக்குத் தாவலாம். தரையில் நின்று வெட்டினால் ஓட்டம் ஒரு கணம் தடைபடும். தாவியபடி காற்றில் வெட்டினால் தடைபடாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ரியூவைத் தரையில் நிற்கவே விட மாட்டார்கள்.

கை இவ்வளவு வேகமாக வேலை செய்யும்போது கேம் சுலபமாக இருக்க வேண்டுமே? அங்கேதான் வைக்கிறார்கள் ஆப்பு. வெட்டி வீழ்த்திய எதிரி, நீங்கள் ரெண்டு அடி பின்வாங்கி மறுபடி முன்னே வந்தால், அதே இடத்தில் திரும்ப முளைப்பான். சின்ன அடி பட்டாலும் ரியூ பின்னால் தூக்கி எறியப்படுவார். பின்னால் பள்ளம் இருந்தால் அவ்ளோதான். பள்ளத்தைத் தாவும் நேரம் பார்த்து குறுக்கே பாயும் பறவையை அந்தக் காலத்து ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. இறுதிக் கட்டத்து வில்லனிடம் தோற்றால், அங்கிருந்தே மறுபடி தொடங்க முடியாது. ஆறாவது பகுதியின் ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் ‘கன்டினியூ’ போடலாம். அதாவது, செத்துச் செத்து மனப்பாடம் செய்வதுதான் இதன் பாடத்திட்டம்.

ஸ்ட்ரைடர்: வாளே வாகனம்

ஆர்கேட் கூடத்தில் காசு போட்டு விளையாட உருவான கேம் இது. நாயகன் ஹிர்யூவின் வாளுக்கு ‘சைஃபர்’ என்று பெயர். அதை வீசினால் முன்னால் அகலமான ஒளி வளைவு ஒன்று தோன்றும். பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் வளைவு மறையவே மறையாது. ஹிர்யூ சுவரில் ஏறுவார், கூரையில் தொங்கியபடி போவார், குட்டிக்கரணம் போட்டுத் தாவுவார். இங்கே நுணுக்கத்தைவிட நிற்காத ஓட்டம்தான் முக்கியம். பின்னால் நிற்பவரும் வாய் பிளந்து பார்த்து, அடுத்த காசை எடுக்க வேண்டும் அல்லவா?

ஸெல்டா 2: மேலேயா, கீழேயா?

இதில் லிங்க்கின் வாள் குட்டையானது. எதிரியிடம் நெருங்கித்தான் ஆக வேண்டும். நின்றால் கேடயம் மேல்பாதியைக் காக்கும், குனிந்தால் கீழ்ப்பாதியை. எதிரிக்கும் அதே விதி. ‘அயர்ன் நக்கிள்’ என்ற கவச வீரன் கேடயத்தை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருப்பான். அவன் மேலே தூக்கினால் நீங்கள் கீழே குத்த வேண்டும்; கீழே இறக்கினால் மேலே. வாள்சண்டை என்பது எதிராளியின் மனசைப் படிப்பது என்ற யோசனை இந்த கேமில் தெளிவாகத் தெரிகிறது.

பிரின்ஸ்: எடை உள்ள வாள்

மெக்னரின் இளவரசனிடம் மேற்சொன்ன வேகம் எதுவும் இல்லை. ஓட ஆரம்பிக்க நேரம் எடுப்பான், நிற்க நேரம் எடுப்பான், திரும்பவும் நேரம் எடுப்பான். விளிம்பில் ஒரு அடி தப்பினால் விழுந்துவிடுவான். ஒரு மாடி உயரம் விழுந்தால் பரவாயில்லை, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர் போகும், மூன்று மாடி என்றால் மொத்தமும் போகும். முதல் லெவலில் வாளைக் கண்டெடுக்காமல் காவலனிடம் போனால் ஒரே வெட்டில் கதை முடிந்துவிடும்.

இந்த எடை எங்கிருந்து வந்தது? நிஜ மனிதர்களிடமிருந்து. மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும், தாவவும், சுவரைப் பற்றி ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்தக் காட்சிகளை ஒவ்வொரு சட்டகமாகப் பிரித்து, உருவத்தின் ஓரங்களை வரைந்து, கணினிக்குள் ஏற்றினார். ‘ரோட்டோஸ்கோப்பிங்’ என்ற இந்த முறை கார்ட்டூன் படங்களில் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் ஒரு வீட்டுக் கணினி கேமில் மனித அசைவு இப்படித் தத்ரூபமாக இருந்ததைப் பார்த்து அன்று பலரும் அசந்துபோனார்கள்.

வாள்சண்டைக்குத் தம்பி போதவில்லை. தமிழ் ரசிகர்களுக்கு எம்.ஜி.ஆர். - நம்பியார் எப்படியோ, பழைய ஹாலிவுட் ரசிகர்களுக்கு எரோல் ஃபிளின் - பேசில் ராத்போன் அப்படி. இருவரும் நடித்த 1938-ம் ஆண்டின் ‘ராபின் ஹூட்’ படத்தின் உச்சக்கட்ட மோதலில், இருவரும் பக்கவாட்டில் முழு உருவமாகத் தெரியும் சில நொடிகள் மெக்னருக்குக் கிடைத்தன. இளவரசனின் குத்தும் தடுப்பும் அங்கிருந்து பிறந்தவை.

இதன் விளைவு ரொம்ப முக்கியமானது. குத்து என்று முடிவெடுத்துவிட்டால் அந்த அசைவு முழுதாக முடிந்தாக வேண்டும். பாதியில் மனசை மாற்ற முடியாது. ஆகவே தடுப்பதும் காத்திருப்பதுமே பெரிய ஆயுதம். நிஞ்ஜா கெய்டனில் நூறு பேரை வெட்டினாலும் ஒருவர் முகமும் நினைவில் நிற்காது. பிரின்ஸில் ஆறாவது லெவலின் குண்டுக் காவலனையும், குத்திக் கொல்ல முடியாமல் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டிய மூன்றாவது லெவல் எலும்புக்கூட்டையும் ஒருமுறை எதிர்கொண்டவர்கள் மறப்பதே இல்லை.

வன்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. நின்டெண்டோவின் கருவி, பாத்திரங்களை நகர்த்தவும் திரையை உருட்டவும் தேவையான வசதிகளோடு வந்தது. அதனால் ரியூ நிற்காமல் ஓடுகிறார். மெக்னர் வேலை செய்த ஆப்பிள் 2 கணினியில் அந்த வசதி இல்லை. அதனால்தான் இளவரசனின் அரண்மனை உருளாமல், ஒவ்வொரு அறையாக மாறுகிறது. ஒரு அறை, ஒரு ஆபத்து.

இடம் இல்லாததால் பிறந்த எதிரி

உண்மையில், தொடக்கத்தில் மெக்னரின் திட்டத்தில் சண்டையே இல்லை. பொறிகளைத் தாண்டித் தப்பிப்பது மட்டும்தான் கேம். இளவரசனின் அசைவுப் படங்களே நினைவகத்தை விழுங்கிவிட்டன; எதிரியை வரைந்து வைக்க இடம் ஏது? அந்தக் கணினியின் மொத்த நினைவகமே, இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அளவுதான். ஆனால் தோழி டோமி பியர்ஸ், சண்டை இல்லாவிட்டால் கேம் சப்பென்று இருக்கும் என்று விடாமல் வலியுறுத்தினார்.

வழி ஒன்று கிடைத்தது. இளவரசனின் படத்தையே எடுத்து, அதை ஒரு புள்ளி நகர்த்தி, அதன் மேலேயே ‘எக்ஸ்ஓஆர்’ என்ற கணக்கில் பொருத்தினால், ஒத்துப்போகும் இடங்கள் அழிந்து, மின்னும் ஓரக்கோடு மட்டும் மிஞ்சும். புதிய படம் வேண்டாம், கூடுதல் நினைவகமும் வேண்டாம். நிழல் மனிதன் தயார்!

நாலாவது லெவலில் கண்ணாடியை உடைத்துத் தாவும்போது உங்களிடமிருந்து பிரிந்து ஓடுகிறான். ஐந்தாவதில் உங்களுக்கான மருந்தைக் குடித்துவிடுகிறான். ஆறாவதில் கதவை மூடி உங்களைக் கீழே விழ வைக்கிறான். நிழல் மனிதன் வந்த பிறகு, சண்டைக்கும் இடம் ஒதுக்கி, காவலர்களையும் சேர்த்தார் மெக்னர்.

பெட்டிக்குள் கிடந்த மூலநிரல்

இந்த கேமின் ஆப்பிள் 2 மூலநிரல் பல ஆண்டுகள் காணாமல்போயிருந்தது. 2012-ல் மெக்னரின் தந்தை வீட்டில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே பழைய ஃபிளாப்பிகள். இந்த கேமுக்கு இசையமைத்தவரும் இதே தந்தைதான்! காந்தத் தகடுகள் காலப்போக்கில் அழியக்கூடியவை என்பதால், பழைய கணினிகளில் நிபுணத்துவம் உள்ளவர்களை வரவழைத்துக் கவனமாகப் படித்தெடுத்தார்கள். பிறகு அதை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார் மெக்னர். இன்று புரோகிராமிங் படிக்கும் எவரும் அந்த ‘ஒரு புள்ளி’ தந்திரத்தைத் தேடிப் பார்க்கலாம். அந்தப் பெட்டி எடைக்குப் போயிருந்தால்?

இப்போது எதை விளையாடலாம்?

நாலு பள்ளிக்கும் இன்று வாரிசுகள் இருக்கிறார்கள். ரியூவின் வேகம் வேண்டுமென்றால் ‘நிஞ்ஜா கெய்டன்: ரேஜ்பவுண்ட்’ (2025). ஒரே வெட்டில் எதிரியும் சாவான், நீங்களும் சாவீர்கள் என்ற பதற்றம் பிடித்தால் ‘கட்டானா ஸீரோ’ (2019). செத்த மறுகணமே மறுபடி ஆரம்பிக்கலாம் என்பதால் கோபம் வராது. தடுத்துத் திருப்பி அடிக்கும் கலைக்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்’ (2024). இது 2025 முதல் மொபைலிலும் உண்டு.

மொபைலில் விளையாடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தொடுதிரையில் பட்டன் விரலுக்கு உறைக்காது. வேகமான கேம்களில் அது பெரிய இடைஞ்சல். ‘டெட் செல்ஸ்’ மொபைல் பதிப்பு இதற்காகவே, எதிரி அருகில் வந்தால் தானாக அடிக்கும் வசதியைத் தருகிறது. சின்ன புளூடூத் கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் அந்த வசதிகூடத் தேவைப்படாது.

பழைய பிரின்ஸையே விளையாட ஆசையா? டாஸ் பதிப்பை அடிப்படையாக வைத்து ரசிகர்கள் உருவாக்கிய ‘எஸ்டிஎல்பாப்’ இன்றைய கணினிகளிலும் ஓடுகிறது. 90-களில் நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் சார் இல்லாத நேரம் பார்த்து இதை ஓட்டியவர்களுக்கு, விரல் தானாகவே ஷிஃப்ட் பட்டனைத் தேடும்.

சரி, அந்த நிழலை எப்படி ஜெயிப்பது?

குத்தக் கூடாது. கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போட வேண்டும். நிழலும் போட்டுவிடும். பிறகு நேராக அதை நோக்கி நடக்க வேண்டும். இரண்டு உருவமும் ஒன்றாகிவிடும். அடுத்து, வெறும் பள்ளமாக இருந்த இடத்தில் ஓடினால் காலடியில் பாலம் தோன்றும்.

பதினோரு லெவல் முழுக்க வாளை எப்போது எடுப்பது என்று கற்றுக்கொடுத்த கேம், பன்னிரண்டாவதில் அதை எப்போது வைப்பது என்று கேட்கிறது. தோற்கிறோம் என்று தெரிந்தும் பட்டனை ஆவேசமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்களா? கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எதிரே நிற்பது யார் என்று தெரியும்.