முன்கூட்டிப் பூக்கும் மல்லிகை: கவாத்து நாளே பட்டம்

மார்கழி, தை மாதங்களில் மல்லிகைத் தோட்டம் உறங்கும். பூ வரத்துக் குறைவதால் விலை ஏறும். விருத்தகிரீசுவரர் கோயில் மாசி மகம் நெருங்கும்போது தேவை இன்னும் கூடும். கோடையில் எல்லாத் தோட்டங்களும் ஒருசேரப் பூத்தால் விலை சரிந்து, பறிகூலிகூடக் கட்டாது. எனவே சிறு விவசாயிக்கு முதலில் வரும் பூவே லாபம்.

ஐரோப்பாவில் மணத்துக்குப் பெயர்பெற்ற லைலாக், மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. கடுங்குளிர் பட்ட பிறகே அதன் மொட்டு விரியும். சில நாள் முன்னதாகப் பூக்கும் கலப்பினங்களை 1870களில் பிரான்சில் லெமுவான் உருவாக்கினார். குளிர் குறைந்த கலிபோர்னியாவுக்கும் பின்னர் தனி இரகங்கள் வந்தன. நம் வெயிலுக்கு லைலாக் ஒத்துவராது. இங்கே குளிர் செய்யும் வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட நாளில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். மார்ச்சில் பூ தொடங்கும். வெட்டுவதைத் தள்ளிப்போட்டால் பூவும் தள்ளிப்போகும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் ஏற்றவை. காய்ந்த, நோயுற்ற கிளைகளை அகற்றிவிட வேண்டும்.

வெட்டியதும் செடிக்கு 10 கிலோ தொழு உரத்துடன் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். இதே அளவு இரசாயன உரத்தை ஜூன்-ஜூலையில் மறுமுறை இடலாம்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலம் வட்டாரத்தில், நீர் தேங்கும் களிமண்ணில் மல்லிகை நடக்கூடாது; வடிகாலுள்ள செம்மண் நல்லது. இரும்புச்சத்துக் குறைவால் இலை மஞ்சளித்தால், லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். மொட்டுப்புழு கண்டால், துளைபட்டு நிறம் மாறிய மொட்டுகளைப் பறித்து அழித்து, 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும்.

குளிர்காலத்திலும் பூ வேண்டுவோருக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்கும். தோட்டம் முழுவதையும் மாற்றாமல் முதலில் சில சென்ட்டில் நட்டுப் பார்த்து, உள்ளூர் சந்தை ஏற்கிறதா என்று அறிந்தபின் விரிவாக்கலாம். மேல் விவரங்களுக்கு விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.