தோட்டத்திலேயே புதுக்குடி அமைத்தல்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் கிணற்றுப் பாசனமுள்ள குடியானவர்கள் ஊர் நடுவே வசியாமல், தத்தம் தோட்டத்திலேயே சாளை கட்டிக்கொண்டு வசிப்பது நெடுநாளைய வழக்கமாகும். கவலை இறைத்த காலத்தில் விடியுமுன் மாடு பூட்டவேண்டியிருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். கவலை போய் மின்சார மோட்டார் வந்துவிட்ட பின்னரும், வெள்ளாமைக் காவல், மாட்டுப் பராமரிப்பு, எருச் சேகரம் ஆகியவற்றை உத்தேசிக்குமிடத்து இவ்வழக்கத்தின் பிரயோஜனம் குறைந்துவிடவில்லை. பாகப்பிரிவினையினாலோ, புதிதாக நிலம் வாங்கியதனாலோ தோட்டத்துக்குக் குடிபோக எண்ணுவோர் முதல் வருஷத்தில் கவனிக்க வேண்டியவை சில உள.

அஸ்திவாரம் தோண்டுமுன் கிணற்றைப் பார்க்கவேண்டும். இப்பிரதேசத்தின் பெரும்பகுதியில் வருஷ மழை 30 அங்குலத்துக்கும் குறைவே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகையால் மார்கழியில் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகவே தோன்றும். சித்திரை, வைகாசியில் ஒரு நாள் இறைத்து நிறுத்தி, மறுநாட் காலை எத்தனை அடி ஊறியிருக்கிறதென்று அளந்து பார்த்தாலன்றி அதன் குணம் தெரியாது. தையில் கிரயம் செய்து, கைம்முதல் முழுவதையும் காரைக்கட்டடத்தில் போட்டு, சித்திரையில் குடிதண்ணீருக்கு அடுத்த தோட்டத்தாரிடம் நிற்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். கிணற்றை வெட்டி ஆழப்படுத்தப் பணமில்லாமல் அவர்கள் முதலில் விற்பது கறவை மாட்டையே. மாடு போனால் எருவும் போயிற்று. முதல் வருஷம் சிறிய சாளையில் காலந்தள்ளி, கிணற்றின் நிலையை ஒரு கோடை பார்த்த பின் பெரிய வீடு கட்டுவோருக்கு இக்கஷ்டம் நேர்வது அரிது.

குடிக்க எடுக்கும் கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும், சிந்திய ஜலம் திரும்ப உள்ளே வழியாதபடி தளமும் அவசியம். கக்கூஸும் எருக்குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, பள்ளமான பக்கத்தில் இருக்கவேண்டும். குடியேறும்போதும், பெருமழை கழிந்தவுடனும், 1000 லிட்டர் ஜலத்துக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மாலையில் விட்டு, மறுநாட் காலை ஜலம் எடுக்கலாம். மூன்று மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் ஜலமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 21,000 லிட்டர் இருக்கும். அதற்கு 53 கிராம் போதும். கண்ணளவாகக் கொட்டுவதால் வாடை மிகுந்து, வீட்டுப் பெண்கள் அந்த ஜலத்தை வெறுக்க நேரிடும்.

இனி மனையின் திசை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்றின் வேகத்தை வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்குவோர் அறியார். மாட்டுக் கொட்டகையை வீட்டுக்கு மேற்கே போட்டால், நான்கு மாதம் நாற்றமும் ஈயும் அடுக்களைக்குள் வரும். தட்டுப்போரை மேற்கே வைப்பது அதனினும் கேடு. ஒரு பொறி விழுந்தால் வீடு தப்பாது. போர் தென்கிழக்கே இருப்பின், மேல்காற்றாயினும் ஐப்பசி வாடையாயினும் நெருப்பு வீட்டை நோக்கி வராது. ஆனால் சாஸ்திரப்படி அடுக்களையையும் அதே அக்கினி மூலையில் அமைப்பது நமது வழக்கம். மேல்காற்றில் அடுப்புப் பொறி போரின்பக்கமே பறக்கும். சாஸ்திரத்தை மாற்றும்படி நாம் சொல்லவில்லை. போரை அடுக்களையிலிருந்து நூறடி தள்ளிவைத்து, அணையாத சாம்பலை வெளியே கொட்டாதிருந்தால் இரண்டும் பொருந்தும்.

மாட்டுக் கழிவிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியும், சாம்பல்சத்தில் பெரும்பங்கும் மூத்திரத்திலேயே உள்ளன. ஊரில் வசித்து மாட்டை வாசலில் கட்டுகிறவர் இதைத் தெருவுக்குக் கொடுத்துவிடுகிறார். தோட்டத்தில் வசிப்பவரோ கட்டுத்தரையில் தட்டுச் சக்கை, சருகு முதலியவற்றைப் பரப்பி, நனைந்ததை அன்றாடம் வாரிச் சாணத்துடன் குழியிலிடலாம். குழி 20 முதல் 25 அடி நீளமும், 6 அடி அகலமும், 3 அடி ஆழமும் இருந்தால் போதும். ஒரு முனையிலிருந்து நிரப்பி, தரைக்குமேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் மண்பூசி மூடி, அடுத்த பகுதிக்குச் செல்லவேண்டும். அடுப்புச் சாம்பலைச் சாணத்துடன் கலந்தால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடுமாதலால், அதைத் தனியே சேர்த்துத் தென்னைக்கு இடுக.

சுகாதார விஷயத்தில் மூன்று கூறுவோம். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல்வழியே உடம்பில் புகுவதாகையால், குழந்தைகளையேனும் காட்டுப்பக்கம் வெளிக்கு அனுப்பாமல் கக்கூஸ் கட்டுக. தொட்டி ஜலத்தை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவினால் கொசுப்புழு கொசுவாகாது. தானியம் சிந்துமிடத்தில் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்போரைக் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அதிகமிராமையால் அலட்சியம் செய்வர். கட்டிலில் வலை கட்டிப் படுப்பது உத்தமம். கடிபட்டால் மந்திரத்திலும் பச்சிலையிலும் நேரம் போக்காமல், விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து வீட்டுக்கு உயிர்நாடி இட்டேரியே. பிரசவ வேதனையிலுள்ள ஸ்திரீயையும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் கொண்டுசெல்லும் வழி அதுதான். இருபக்கத்தாரும் வருஷத்துக்கு ஒரு சாண் வீதம் வேலியை நகர்த்தினால் வண்டிப்பாதை கால்நடைப் பாதையாகிவிடும். கர்ணம், மணியகாரர் உத்தியோகங்கள் 1980-இல் எடுபட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பின்னரும், புலப்படத்தைக் கொண்டு கல்லைக் காட்டும் கடமை கிராமக் கச்சேரியைவிட்டுப் போகவில்லை. கிரயத்துக்கு முன்பே பாதை பொதுப் புறம்போக்கா, பட்டாவில் அடங்கியதா என்று வாங்குவோருக்குச் சொல்லிவிடின், பின்னால் வரும் பல வியாஜ்யங்கள் எழா.

நிழல் மரத்துக்குப் பல வருஷம் செல்லுமாதலால், வேம்பை முதல் மழையிலேயே மேற்கு ஓரத்தில் நடுக. குளிக்கும் ஜலம் பாயுமிடத்தில் வாழையும், சற்றுத் தள்ளிப் பப்பாளியும், முருங்கையும், கறிவேப்பிலையும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் அகத்தியும் வைத்தால், பக்கத்தில் கடையில்லாத வீட்டுக்கு வருஷம் திரும்புமுன் கறிக்குக் குறைவிராது. கிளுவைப் போத்துகளை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றுக. முதல் வருஷம் மட்டும் வெள்ளாடு கடிக்காமல் முள் கட்டிக் காக்க வேண்டும்.