அறுவை மருத்துவருக்குக் கணக்கும் வேண்டும்

நம் நாட்டில் எம்.எஸ். அறுவை சிகிச்சைப் படிப்பு மூன்றாண்டுகள், ஆய்வேடு கட்டாயம். சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் ஆய்வுமுறைப் படிப்பையும் முடித்தாக வேண்டும். ஆய்வுமுறை கற்றவர், தாம் செய்த அறுவைகளில் எத்தனை புண்கள் சீழ்பிடித்தன என்று எண்ணத் தொடங்கினால், அதுவே பெரும்பயன்.

ஆனால், மருத்துவமனை நடத்தக் கற்பிப்பவர் யார்? கட்டணம் பெறும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் உச்சநீதிமன்றம் 1995-இல் கொணர்ந்தது. பொருளியல் கற்பித்த எனக்கு அதனினும் பெரிய கவலை கடன். லேப்ராஸ்கோப்பிக் கருவிக்கான தவணை மாறாச் செலவு. அறுவை நடக்காத மாதத்திலும் அது வரும். அதைக் கணக்கிடாமல் கடன்பட்டவர், தொல்லை தராத பித்தப்பைக் கல்லுடன் வரும் நோயாளியிடம் 'காத்திருக்கலாம்' என்று சொல்லத் தயங்கக்கூடும். நோயாளியோ தவணைத் தேதியை அறியார்.

இறுதியாண்டில் பத்து வகுப்புகளேனும் இதற்கென ஒதுக்கலாம். வணிகவியல் பேராசிரியர்கள் பக்கத்துக் கல்லூரியிலேயே இருக்கிறார்கள்.