சிவந்த கனியெல்லாம் தின்னும் கனியா?

ஒரு புதர். பளபளக்கும் தடித்த பச்சை இலைகள். மணம் வீசும் வெள்ளைப் பூக்கள். கிளையில் சிவந்த கனிகள். பறித்துத் தின்னலாமா?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் இக்கேள்விக்குத் தவறான விடை சொன்னால் உயிரே போகக்கூடும். காரணம், இந்த அடையாளங்கள் அனைத்தும் அங்கு இரண்டு வகைப் புதர்களுக்குப் பொருந்தும். ஒன்றின் கனி உணவு. மற்றொன்று வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் பூசிய நஞ்சு.

களாக்காயின் உறவு

முதலாவது, கரிசா. ஊறுகாய்க்குப் பயன்படும் களாக்காய் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். மலாய்மொழியில் அதனைக் கெரெண்டா என்பர்.

தென்னாப்பிரிக்கக் கரிசா வகைகளில் பெயர் பெற்றது 'நட்டால் பிளம்'. சூலு மக்கள் இதன் கனியை அமாதுங்குலு என்று அழைக்கின்றனர். கிழக்குக் கேப், குவாசூலு நட்டால் மாநிலங்களின் கடலோரத்திலும் மொசாம்பிக்கிலும் இது வளர்கிறது. கனி 5 சென்டிமீட்டர் நீளம் வரை பெருக்கும். நன்றாகச் சிவந்து பழுத்ததும் அப்படியே உண்பார்கள், ஜாமும் செய்வார்கள். இதன் தம்பி போன்றது 'நம்-நம்' எனும் சிறிய கனியுடைய மற்றொரு கரிசா.

அம்பு நஞ்சு

இரண்டாவது, அகோகாந்தெரா. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரே 'புஷ்மேன் நஞ்சு' என்பதாகும். சான் மக்கள் உள்ளிட்ட வேட்டைக்காரர்கள் இதன் பட்டையையும் கட்டையையும் காய்ச்சி, குழம்பாக்கி, அம்பில் தடவினர்.

இதிலுள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது. இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் உள்ளே சேரும் சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த வேலையை இந்நஞ்சு நிறுத்திவிடுகிறது. உயிரணுவுக்குள் கால்சியம் பெருகுகிறது. துடிப்பு தாறுமாறாகிறது, இறுதியில் இதயம் நின்றுபோகிறது. அரளியின் நஞ்சும் இவ்வாறே வேலை செய்கிறது. அரளி, களா, அகோகாந்தெரா மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

எப்படி வேறுபடுத்துவது?

முதலில் முள்ளைப் பார்க்க வேண்டும். கரிசாவின் முள் உறுதியானது. கவட்டை போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். அகோகாந்தெராவில் முள்ளே கிடையாது. ஆனால் அதன் இலை நுனி ஊசி போல் கூர்மையானது. கை பட்டதும் குத்தும். குத்தியது முள்தான் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. கிளையில் கவட்டை முள் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து, பூ இருக்கும் இடம். கரிசாவின் பூக்கள் கிளை நுனியில் பூக்கும். அகோகாந்தெராவின் சிறு பூக்கள், இளஞ்சிவப்புச் சாயலோடு, இலை கிளையோடு சேரும் இடத்தில் நெருக்கமான கொத்தாக இருக்கும்.

மூன்றாவது, கனியின் நிறம். பலர் ஏமாறும் இடம் இதுதான். கரிசா கனிக்குச் சிவப்பு என்றால் பழுத்துவிட்டது என்று பொருள். அகோகாந்தெராவின் கனியோ சிவப்பைத் தாண்டி, கருஞ்சிவப்பாகி, பிறகே கருமையாகப் பழுக்கும். அதாவது, ஒரு செடியில் 'பழுத்துவிட்டது' என்று சொல்லும் அதே சிவப்பு, மற்றொரு செடியில் 'இன்னும் பழுக்கவில்லை' என்று சொல்கிறது. பழுக்காத அகோகாந்தெரா கனி கடும் நஞ்சு.

கிளையை ஒடித்தால் பால் வடிகிறதே, அது நஞ்சுக்கு அடையாளம் இல்லையா? இல்லை. உண்ணத்தக்க கரிசாவிலும் வெள்ளைப் பால் வடியும். ஆகவே பாலை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

முள் இல்லாவிட்டால்?

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. நட்டால் பிளம் இன்று பல நாடுகளில் வேலிச்செடியாகவும் அலங்காரச் செடியாகவும் வளர்க்கப்படுகிறது. தோட்டங்களுக்கென முள்ளில்லாத வகைகளையும் உருவாக்கியிருக்கின்றனர். ஆகவே, முள் இல்லாததால் மட்டும் ஒரு செடி அகோகாந்தெரா ஆகிவிடாது. ஆனால் முள்ளைக் காணாதபோது கரிசா என்று துணிந்து வாயில் வைப்பதற்கும் வழியில்லை. பார்வைக்கு அழகான செடி என்ற அளவில் அதை விட்டுவிடுவதே அறிவுடைமை.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து ஒரு செடியை முடிவு செய்யக் கூடாது. முள், பூ, கனி மூன்றும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். அவற்றுள் ஒன்று மாறுபட்டாலும், செடியை அறிந்தவரிடம் கேட்கும்வரை கனி கிளையிலேயே இருக்கட்டும். தவறி யாரேனும் உண்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உண்ட கனியோடு ஒரு கிளையையும் எடுத்துச் சென்றால், நஞ்சு எதுவென்று மருத்துவர் அறிய அது உதவும்.