உங்களுக்குத் தெரியுமா? ஓட்டைத் தடுப்பே அலையை அடக்கும்!

கடலுக்குக் குறுக்கே ஓட்டையில்லாத சுவர் எழுப்பினால், அது அலையைத் தின்னாது, திருப்பித்தான் அனுப்பும். வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து சுவரின் முன்னால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் எழும்பும், அடிமண்ணும் அரிக்கும். கற்குவியலிலோ நீர் சந்துகளில் புகுந்து, உரசி, சுழன்று ஓய்ந்துபோகிறது.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் அலையில் 40 செ.மீ. திரும்பி, 50 செ.மீ. தாண்டிப் போகிறது என்று வையுங்கள். ஆற்றலில் திரும்பியது 16%, தாண்டியது 25%. மீதி 59% தடுப்புக்குள்ளேயே தீர்ந்தது!

1960-களில் ஜார்லான் என்ற பொறியாளர் முன்சுவரில் துளைகளும் அதன் பின்னால் ஓர் அறையும் வைத்தார். அறையின் அகலம் அலைநீளத்தில் கால் பங்கை ஒட்டி இருந்தால், திரும்பும் அலை மிகக் குறைவு.

இத்தகைய கற்தடுப்புகளின் சிறு மாதிரியைச் சோதனைத் தொட்டியில் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1:25 மாதிரியில் கற்களையும் அதே அளவுக்குச் சுருக்கினால் சந்துகளில் பிசுக்குமை மேலோங்கி, விடை தப்பும். அதனால் உள்கற்களைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறார்கள்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் பாக் விரிகுடாவில் வளரும் கடற்புல்லும் நீரைப் புகவிட்டு அலையைத் தளர்த்துவதுதான். (2018 கஜா போன்ற புயலை அது நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம்.) அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக, 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.