கப்பல் விருந்தும் காபின் தட்டும்

கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர் இலையில் மிஞ்சிய லட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனால், பார்ப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் அதே மனிதர், "வீட்டில் அம்மா காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தி விசாரிப்பவரே தனி இலையில் சாதமும் பட்சணமும் வைத்துக் கட்டிக் கொடுப்பார். அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்றும் விசாரிப்பார்.

உல்லாசக் கப்பல்களிலும் இந்த விவகாரம் வேளைக்கு வேளை எழுகிறது. மேல்தளத்தில் விருந்து, கீழ்த்தளத்தில் காபின். மேலே இருக்கும் சாப்பாட்டைக் கீழே கொண்டு போகலாமா, கூடாதா?

இது பணக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாத காலம் இது. மும்பை துறைமுகத்திலிருந்து 2021 செப்டம்பரில் "எம்பிரஸ்" என்ற கப்பல் உல்லாசப் பயணம் தொடங்கியது. பிரான்சில் கட்டப்பட்டு, 1990-ல் வேறொரு பெயரில் முதன்முதலாகக் கடல் கண்ட கப்பல் அது. கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் போய் வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. இரண்டு இரவு, மூன்று இரவு என்று சிறு பயணங்கள் வந்த பிறகு, வருஷக்கணக்கில் பணம் சேர்த்து, வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறும் சாதாரணக் குடும்பங்களும் உண்டு.

எடுத்துப் போகலாமா?

பஃபே என்பது வேண்டியதை வேண்டுமட்டும் தாமே எடுத்துச் சாப்பிடும் முறை. பெரும்பாலான கப்பல்களில் இதற்கான கூடம் நீச்சல் குளம் இருக்கும் மேல்தளத்தில் இருக்கும். சாப்பாட்டுக்கான பணம் டிக்கெட்டிலேயே அடங்கிவிடுவதால், எத்தனை தடவை போனாலும் யாரும் கேட்பதில்லை.

அங்கே காலைப் பலகாரம் நடந்துகொண்டிருக்கும். கீழே காபினிலிருந்து மனைவி மட்டும் ஏறி வருவாள். "என்னங்க, அத்தைக்குத் தலை சுத்துதாம். மாடிக்கு வர முடியாதுங்கிறாங்க. ரெண்டு இட்லியாவது கொண்டு போகலாமா? யாராவது ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்று காதோடு கேட்பாள். கணவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். திருட்டுத்தனம் செய்கிற மாதிரி ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சம் தேவையில்லை. ஒரு தட்டில் வைத்துக் காபினுக்குக் கொண்டு போவதைப் பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் தடுப்பதில்லை. கடல் மயக்கத்தில் படுத்தவர்கள், தூங்கும் குழந்தையை விட்டு வர முடியாத தாய், கூட்டத்தில் நிற்க முடியாத முதியவர் என்று இப்படிப்பட்டவர்கள் எல்லாப் பயணத்திலும் இருப்பார்கள் என்பது கம்பெனிக்குத் தெரிந்ததுதான். ஐயம் இருந்தால் கூடத்தில் நிற்கும் சிப்பந்தியிடம் கேட்டுவிடுவது உத்தமம். பல சமயம் அவரே மூடி போட்ட தட்டு ஒன்றைத் தேடிக் கொடுப்பார்.

ஆனால் வீட்டிலிருந்து கொண்டு வந்த டப்பாக்களை நிரப்பிக்கொள்வது வேறு விஷயம். அதைக் கப்பல்காரர்கள் விரும்புவதில்லை. அதற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல.

இரண்டு மணி நேரக் கணக்கு

பஃபே மேஜையில் சூடான பதார்த்தங்களுக்கு அடியில் வெந்நீரோ மின்சாரச் சூடோ இருக்கும். குளிர்ந்தவை பனிக்கட்டியின் மேல் இருக்கும். இது வெறும் அலங்காரத்துக்காகச் செய்வதல்ல. சூடான உணவு 60 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினாலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறினாலும் கிருமிகள் பெருக ஆரம்பிக்கும் என்பது உணவுச் சுகாதாரத்தின் பாலபாடம்.

தட்டு கூடத்தை விட்டுக் கிளம்பியதும் இந்தக் காவல் போய்விடுகிறது. சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சமைத்த உணவைத் தொடக்கூடாது என்பது நிபுணர்களின் புத்திமதி. நம்மவர்கள் "சோறுதானே, என்ன ஆகிவிடும்" என்று நினைப்பார்கள். ஆறிய சோற்றில் வளரும் கிருமி ஒன்று உண்டு. அது உண்டாக்கும் விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மத்தியானம் எடுத்து வைத்த தயிர்சாதத்தை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறவர், மறுநாள் கோவாவைக் காபின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கரண்டியில் ஏறும் கிருமி

கப்பல் அதிகாரிகள் மிகவும் அஞ்சுவது நோரோ வைரஸ் என்ற கிருமிக்கு. 1968-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பரவிய வாந்தி நோயை ஆராய்ந்ததில் 1972-ல் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஊர்ப் பெயரிலிருந்துதான் கிருமிக்கும் பெயர் வந்தது.

இது உடம்பில் நுழைந்த அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரைப் படுக்கையில் தள்ளப் போதும். நோயாளி தொட்ட கரண்டியை அடுத்தவர் தொட்டாலே பரவிவிடும். கையில் தடவிக்கொள்ளும் சாராய மருந்து இதற்குச் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் கை கண்ட வைத்தியம்.

அமெரிக்கச் சுகாதார இலாகா 1975 முதல் கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாரிகள் கப்பலில் ஏறிச் சமையலறையைச் சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். 85-ம் அதற்குக் கீழும் வாங்கினால் பெயில். நோய் பரவிவிட்டால், பிரயாணிகள் தாமே பரிமாறிக்கொள்வதை நிறுத்திவிட்டுச் சிப்பந்திகளே கரண்டி பிடிப்பது வழக்கம். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு நூற்றில் ஒன்றுதான்.

வயிற்றுக் கோளாறு இருக்கிறவர் பஃபேக்குப் போகவே கூடாது. அவருக்காக வேறொருவர் தட்டு எடுத்து வருவதில் தவறில்லை. அதைவிடக் கப்பல் டாக்டருக்குச் சொல்லிவிட்டால், சாப்பாடு காபின் வாசலுக்கே வந்துவிடும்.

யோகஹாமாவில் நின்ற கப்பல்

சாப்பாடு காபினுக்கு வருவதென்றால் யாரோ ஒருவர் அதைச் சுமந்து வர வேண்டும். அந்த யாரோ ஒருவரைப் பற்றி உலகம் நினைத்துப் பார்த்தது 2020 பிப்ரவரியில்தான்.

"டயமண்ட் பிரின்ஸஸ்" என்ற கப்பல் அந்த மாதம் 3-ந் தேதி ஜப்பானின் யோகஹாமாவை அடைந்தது. பிரயாணிகள் 2,666 பேர்; சிப்பந்திகள் 1,045 பேர். அதற்கு முன் ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பிரயாணிக்குக் கொரோனா என்று தெரிந்துவிட்டது. 5-ந் தேதி முதல் எல்லோரும் காபினை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. கூடத்து விருந்து நின்றது.

"எல்லோரும்" என்பதில் சிப்பந்திகள் சேரவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போக வேண்டுமே! அவர்கள்தான் சமைத்தார்கள், தட்டுகளை அடுக்கினார்கள், கதவு கதவாகத் தட்டிக் கொடுத்தார்கள். பிறகு தங்கள் கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டு, இன்னொருவரோடு பங்கு போடும் சிற்றறையில் போய்ப் படுத்தார்கள்.

9-ந் தேதி வரை நோய் உறுதியான சிப்பந்திகள் 20 பேர். அதில் 15 பேர் சாப்பாட்டுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று பின்னால் நடந்த விசாரணை கூறியது. முடிவில் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்கு நோய் கண்டது.

அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர். அவர்களில் பிரயாணிகள் ஆறு பேர்தான். மற்ற 132 பேரும் வேலை பார்க்கப் போனவர்கள். தமிழரும் அவர்களில் உண்டு. நோய் இல்லாத 119 இந்தியர்களை 27-ந் தேதி ஏர் இந்தியா விமானம் டில்லிக்குக் கொண்டு வந்தது. நோய் கண்டவர்கள் ஜப்பானிய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் தெரியும். ஊரில் மணியார்டருக்குக் காத்திருந்த குடும்பங்கள் அந்த மூன்று வாரமும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

வாசலில் வைக்கும் தட்டு

தட்டைக் காபினுக்குக் கொண்டு போகிறவர், அது திரும்பி வரும் வழியையும் நினைக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிடுவது பலரின் பழக்கம். கப்பலின் நடைவழி நம் சால் வீடுகளின் நடை மாதிரிக் குறுகலானது. கப்பல் ஆடும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வரும் முதியவர் அந்தத் தட்டில் கால் வைத்தால், பயணம் ஆஸ்பத்திரியில் முடியும். தட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு அறைச் சிப்பந்தியைக் கூப்பிட்டால் வந்து எடுத்துப் போவார்.

மிஞ்சிய உணவோடு பிளாஸ்டிக்கைக் கலக்கவும் கூடாது. சர்வதேச விதிப்படி, 25 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் அரைத்த உணவுக் கழிவைக் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தாண்டிக் கடலில் விடலாம். சில கடல்களில் 12 மைல். பிளாஸ்டிக்கை எங்கேயும் விடக்கூடாது. ஆகவே நாம் கலந்து போட்டதை ஒருவர் கையால் பிரித்தாக வேண்டும்.

அந்தக் கைகளுக்கும் ஓய்வுக்கணக்கு உண்டு. 2006-ம் வருஷத்துக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம், ஒரு நாளில் 10 மணி நேரமாவது ஓய்வு அல்லது 14 மணிக்கு மேற்படாத வேலை என்று வரம்பு கட்டியிருக்கிறது. இந்தியா இதில் 2015-ல் சேர்ந்தது. எட்டு மணி வேலைக்குப் பழகிய ஆபீஸ்காரர் இந்தப் பதினான்கை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

கரைக்குக் கொண்டு போகாதீர்கள்

காபின் வரை சரி. கப்பலை விட்டு இறங்கும்போது மேஜையில் எடுத்த ஆப்பிளோ ரொட்டியோ பையில் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இது பெரிய குற்றம். ஒரு பழத்திலிருக்கும் பூச்சி ஒரு தேசத்தின் தோட்டங்களையே அழித்துவிடும் என்று துறைமுகத்தில் மோப்ப நாய்களை நிறுத்தியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் சொல்லாமல் கொண்டு போய் அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். ஒரு ஆப்பிளுக்கு இவ்வளவு விலை!

ஆகவே கப்பல் ஏறுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தட்டைத் தொடுங்கள். அப்போது சாப்பிடும் அளவே எடுங்கள். மூடிக் கொண்டு போங்கள். கொதிக்கும் சூப்பை மாடிப்படியில் தூக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கீழே காபினில் படுத்திருக்கும் அம்மாவுக்கு இரண்டு இட்லி கொண்டு போகிற பிள்ளையை எந்தக் கப்பலிலும் யாரும் தடுக்கப் போவதில்லை. காலித் தட்டை எடுக்க வருகிறவனும் ஊரில் ஓர் அம்மாவை விட்டுவிட்டு வந்த பிள்ளைதான். அவனிடம், "ரொம்ப நன்றி தம்பி, சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கப்பல் ஒன்றும் மூழ்கிவிடாது.