கோடு போடுகிறவர் யார்?

ஊழியர்கள் செய்யும் தில்லுமுல்லைக் கணினியில் குவிந்திருக்கும் பதிவுகளை அலசியே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். கண்டுபிடித்த பிறகும் வருடக்கணக்கில் சும்மா இருக்க முடியுமா? அதுவும் முடியும். இரண்டுக்கும் ஒரே உதாரணம் போதும்: அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் நடந்த கதை. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளரின் தலையில் கிரெடிட் கார்டு, இணையச் சேவை, இன்னும் இரண்டு கணக்கு என்று வீட்டுக்கு எட்டுச் சேவைகளையாவது கட்டிவிட வேண்டும் என்பது அந்த வங்கி வைத்திருந்த இலக்கு. இலக்கைத் தொடாதவருக்கு வேலை நிலைக்காது. ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளரைக் கேட்காமலே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்ததும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஒப்புதல் இல்லாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கும் என்று அடுத்த ஆண்டு கணக்குப் போட்டார்கள்.

இத்தனை பெரிய விஷயம் பதிவுகளில் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தது. எப்படி என்று பாருங்கள்.

புதுக் கணக்கில் பணமே இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அதனால் ஊழியர் வாடிக்கையாளரின் பழைய கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துப் புதியதில் போடுவார்; சில நாள் கழித்து அதே தொகையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். தனியாகப் பார்த்தால் சாதாரணப் பரிமாற்றம். ஆனால் கணக்குத் திறந்த தேதி, பணம் வந்த தேதி, திரும்பிய தேதி, திறந்த ஊழியரின் எண் என்று நான்கையும் ஒரே வரிசையில் அடுக்கினால், சில பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

இரண்டாவது தடயம் தொலைபேசி எண். கணக்குத் திறந்தவரிடம் ‘சேவை எப்படி இருந்தது’ என்று கேட்க அழைப்பு போகும். கேட்காத கணக்குக்கு அழைப்பு போனால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? அதனால் சில ஊழியர்கள் வாடிக்கையாளரின் எண்ணை மாற்றி வைத்தார்கள். எந்த ஊழியரின் கணக்குகளில் எண்கள் அளவுக்கு மீறி மாறுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது கணினிக்கு நொடி வேலை. 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 30 பேர் வேலை இழந்ததற்கு இந்த மாதிரித் தேடல்தான் பின்னணி.

பிறகும் தில்லுமுல்லு ஏன் நிற்கவில்லை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. எண் மாற்றம் எந்த ஊழியர் திறந்த கணக்குகளிலும் கொஞ்சம் இருக்கும். நிஜமாகவே வீடு மாறுகிறவர்கள் உண்டு. எத்தனைக்கு மேல் போனால் சந்தேகம் என்று ஒரு கோடு போட்டாக வேண்டும். சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்பதை மாவு தீர்மானிப்பதில்லை, சலிக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். அந்த வங்கியில் மிக மிக மோசமான 0.01 முதல் 0.05 சதவீதம் பேரை மட்டும் பிடிக்கும்படி கோடு போட்டிருந்தார்கள் என்று ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் குற்றம் சாட்டியது. ஒரு லட்சம் ஊழியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.01 சதவீதம் என்றால் பத்தே பேர். பதினோராவது ஆள் எப்பேர்ப்பட்ட கில்லாடியானாலும் பட்டியலில் வரமாட்டார்.

கோட்டைப் போட்டது யார் என்பது அடுத்த கேள்வி. விற்பனையைக் கண்காணித்த குழு, விற்பனை செய்யும் பிரிவுக்குள்ளேயே இருந்தது. கோட்டை இறக்கினால் பிடிபடுகிறவர் கூடுவார்கள், விற்பனை எண்ணிக்கை குறையும், பிரிவின் பெயர் கெடும். பிறகு யார் இறக்குவார்கள்? அந்தப் பிரிவின் தலைவராக இருந்தவர், வங்கிச் சோதனைக்கு இடையூறு செய்த குற்றத்தை 2023இல் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தேடல் முழுக்க ‘எந்த ஊழியர்?’ என்றே கேட்டது. அதே பதிவுகளிடம் ‘எந்த மாதம்?’ என்று கேட்டிருக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் ‘ஜம்ப் இன்டு ஜனவரி’ என்ற பெயரில் வங்கி அப்போது ஒரு விற்பனை வேட்டை நடத்தி வந்தது. அந்த மாதம் கணக்குகள் குவிந்தன, அவற்றின் தரமோ சரிந்தது. நாடு முழுக்க ஒரே மாதத்தில் இப்படி நடந்தால் அது பத்துப் பேரின் கெட்ட புத்தியாக இருக்க முடியாது. இலக்கு நிர்ணயித்தவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

புகார்ப் பதிவுகளும் தரவுதான். ரகசியப் புகார் எண்ணுக்கு அழைத்த ஒரு மேலாளரைப் பிறகு வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அவரைத் திரும்பச் சேர்த்து, 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2017இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது. புகார் கொடுத்தவர்கள் பட்டியலையும் வேலைநீக்கப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சின்ன வேலை. வைத்துப் பார்க்கத்தான் மனம் வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. கல்லூரி மாணவர்கள் நிறைந்த பகுதியில் எண்கள் அடிக்கடி மாறும். அங்கே உட்கார்ந்திருக்கும் நேர்மையான குமாஸ்தாவின் பெயரும் பட்டியலில் ஏறும். அதனால் பட்டியலில் பெயர் வந்தால் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தமே தவிர, தீர்ப்பு அல்ல. அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வாடிக்கையாளரிடமும் கேட்க வேண்டும்.

எந்த நிறுவனமாவது ‘ஊழியர் ஒழுங்கீனத்தைத் தரவை வைத்துக் கண்காணிக்கிறோம்’ என்று பெருமையாகச் சொன்னால், என்ன மென்பொருள் என்று கேட்காதீர்கள். கோட்டை எங்கே போட்டிருக்கிறீர்கள், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம், அந்தக் கோடு மேலதிகாரிகளையும் தொடுமா என்று கேளுங்கள்.